476 கிலோ தேன், 317 கிலோ சாக்லேட்... வீடு ரெடி! டிஸ்னி ஹோட்டல்களின் ஜிஞ்சர்பிரெட் அதிசயங்களைப் பார்க்கப் போறீங்களா?

தேன் 476 கிலோ. மாவு 363 கிலோ. சாக்லேட் 317 கிலோ. பொடித்த சர்க்கரை 272 கிலோ. முட்டை வெள்ளைக்கரு 66 லிட்டர். மசாலாப் பொருள்கள் 16 கிலோ.

ஏதோ பெரிய கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு இல்லையா? ஆனால், இது சமையலுக்கான லிஸ்ட் இல்லை, ஒரு வீடு கட்டுவதற்கான லிஸ்ட். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், கிராண்ட் ஃப்ளோரிடியன் என்ற ஹோட்டலின் வரவேற்பறையில் கிறிஸ்துமஸ் சமயத்தில் எழும் ஜிஞ்சர்பிரெட் வீட்டுக்கு டிஸ்னி நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு இது. அவர்கள் பவுண்டில் சொல்வதை நாம் கிலோவுக்கு மாற்றியிருக்கிறோம். வெள்ளைக்கரு கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, கிட்டத்தட்ட 2,000 முட்டைகளை உடைத்தாக வேண்டும்!

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. டிஸ்னி என்றாலே பர்ஸ் காலி என்றுதான் எல்லோரும் பயப்படுவோம். கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் பூங்காவின் ஒரு நாள் டிக்கெட் ஒருவருக்கே 150 டாலரைத் தாண்டிவிடும். நான்கு பேர் போனால் 600 டாலருக்கு மேல். ஆனால், இந்த ஜிஞ்சர்பிரெட் காட்சிகளில் பெரும்பாலானவை பூங்காவுக்குள் இல்லை, ஹோட்டல் லாபிகளில் இருக்கின்றன. பார்க்க டிக்கெட் கிடையாது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கும் அம்மா அப்பாவை, நாள் முழுக்க நடக்க வைக்காமல் டிஸ்னி கிறிஸ்துமஸைக் காட்ட நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி. நம் ஊரில் நவராத்திரிக்கு வீடு வீடாகக் கொலு பார்க்கப் போவோமே, கிட்டத்தட்ட அதேபோல லாபி லாபியாகப் போய்ப் பார்க்கலாம்.

ஆனால், சும்மா கிளம்பிப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் வாய்ப்பும் இருக்கு. எதை, எங்கே, எப்படிப் பார்ப்பது? விவரமாகப் பார்ப்போம்.

பெயரில்தான் பிரெட்!

பெயரைக் கேட்டதும் நம் ஊர் பேக்கரி பிரெட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். ஜிஞ்சர்பிரெட் என்பது தேன் அல்லது வெல்லப்பாகு போன்ற இனிப்பு, மாவு, மசாலாப் பொருள்கள் சேர்த்து வேகவைக்கும் ஒரு பண்டம். மெத்தென்ற கேக்காகவும் செய்வார்கள், கடக்கென்று உடையும் பிஸ்கட்டாகவும் செய்வார்கள். வீடு கட்ட எடுத்துக்கொள்வது இரண்டாவது வகை.

இந்தப் பண்டத்துக்குப் பெயர்போன ஊர் ஜெர்மனியின் நியூரம்பெர்க். அங்கே இதற்கு 'லெப்கூகென்' என்று பெயர். நகரைச் சுற்றியிருந்த காடுகளில் தேன் தாராளமாகக் கிடைத்தது. வெனிஸ் வழியாக வந்த கீழை நாட்டு மசாலா மூட்டைகள் நியூரம்பெர்க் சந்தையில் இறங்கின. தேனும் மசாலாவும் ஒரே ஊரில் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? 1643-ல் லெப்கூகென் செய்பவர்களுக்கென்றே தனிச் சங்கம் அமைந்தது. 1996 முதல், நியூரம்பெர்க் லெப்கூகென் என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இருக்கிறது. நம் திருநெல்வேலி அல்வாவை வேறு ஊரில் செய்தால் ஒத்துக்கொள்வோமா? அந்த மாதிரிதான்.

அந்த மூட்டைகளில் வந்த பட்டை, ஏலக்காய், மிளகு, இஞ்சி எல்லாம் நம் பக்கத்துச் சரக்கு. அதிலும் இஞ்சி, பொருளாக மட்டும் போகவில்லை, பெயரோடு போயிருக்கிறது. 'இஞ்சி', 'வேர்' என்ற திராவிடச் சொற்களிலிருந்து சம்ஸ்கிருதத்துக்குச் 'சிருங்கவேரம்' போய், பாலி, கிரேக்கம், லத்தீன் வழியாக ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' பிறந்தது என்பது மொழி அறிஞர்கள் சொல்லும் விளக்கம். ஜெர்மன் மொழியில் இஞ்சிக்கு இன்றும் 'இங்வர்' என்றுதான் பெயர். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இஞ்சிவேர் காதில் விழும்.

பண்டம் எப்படி வீடானது?

காரணம் ஒரு குழந்தைக் கதை. கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் 'ஹான்சலும் கிரெட்டலும்' இருக்கிறது. காட்டில் வழிதவறிய அண்ணன் தங்கை இருவரும் ஒரு சூனியக்காரியின் வீட்டைப் பார்க்கிறார்கள். கதையின் அந்தப் பதிப்பில் சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. அந்தக் கதை பரவப் பரவ, ஜெர்மன் பேக்கரிக்காரர்கள் ஜிஞ்சர்பிரெட்டில் குட்டி வீடுகளைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

சரி, கிறிஸ்துமஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கதையில் கிறிஸ்துமஸே கிடையாது. எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்ற இசையமைப்பாளர் இந்தக் கதையை ஓபரா ஆக்கினார். வைமர் நகரில் அது அரங்கேறிய நாள் 1893 டிசம்பர் 23. அன்று முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பத்தோடு பார்க்கும் ஓபராவாக அது நிலைத்துவிட்டது. மேடையில் ஜிஞ்சர்பிரெட் வீடு, வெளியே பனிக்காலம். இரண்டும் சேர்ந்தே மக்கள் மனதில் பதிந்துவிட்டன.

ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களோடு இந்தப் பழக்கம் அமெரிக்காவுக்கும் போனது. 1969 முதல் வெள்ளை மாளிகையிலேயே கிறிஸ்துமஸ் ஜிஞ்சர்பிரெட் வீடு இடம்பெற்றது. ஜெர்மனியில் பிறந்த ஹான்ஸ் ராஃபர்ட் என்ற சமையல் கலைஞர் 1992-ல் ஓய்வு பெறும்வரை அதைச் செய்து வந்தார். அதிபர் வீட்டிலேயே வைத்த பிறகு, பெரிய ஹோட்டல்கள் சும்மா இருக்குமா?

ஜிஞ்சர்பிரெட் ஹோட்டலுக்குள் ஒரு ஜிஞ்சர்பிரெட் வீடு

கிராண்ட் ஃப்ளோரிடியன் 1988-ல் திறக்கப்பட்ட ஹோட்டல். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, கூரை ஓரமெல்லாம் லேஸ் வைத்துத் தைத்தது போன்ற மர வேலைப்பாடு. 19-ம் நூற்றாண்டின் கடற்கரை ஹோட்டல்களைப் பார்த்துக் கட்டியது. இந்த மர லேஸ் வேலைக்கு அமெரிக்கக் கட்டடக் கலையில் என்ன பெயர் தெரியுமா? 'ஜிஞ்சர்பிரெட்' என்றே பெயர்! ஆக, ஜிஞ்சர்பிரெட் வேலைப்பாடு உள்ள கட்டடத்துக்குள் உண்மையான ஜிஞ்சர்பிரெட்டில் ஒரு வீடு. உள்ளே நுழையும் முன், வெளியே நின்று கூரை ஓரத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளே இருக்கும் சர்க்கரை வேலைப்பாடு எதை நகலெடுக்கிறது என்று புரியும்.

1999-ல் முதல்முறை இந்த வீட்டை வைத்தார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த பேஸ்ட்ரி செஃப் எரிக் ஹெர்பிட்செக் பல ஆண்டுகள் இந்த வேலையை முன்னின்று நடத்தினார். பெருந்தொற்று ஆண்டான 2020-ல் வைக்கவில்லை, பிறகு திரும்ப வந்தது. ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்திருக்கும் லாபி, ஒரு பக்கம் வானுயர கிறிஸ்துமஸ் மரம், இன்னொரு பக்கம் 16 அடி உயர வீடு. பொம்மை வீடு இல்லைங்க, உள்ளே ஆள் நிற்கலாம். வழக்கமாக வீட்டுக்குள்ளேயே பணியாளர்கள் நின்று, ஜன்னல் வழியாகப் பண்டங்கள் விற்பார்கள். கூரையில் பதித்திருக்கும் ஜிஞ்சர்பிரெட் ஓடுகளைப் போலவே செய்த ஓடுகளும் அங்கே விற்பனைக்கு இருக்கும். கொலு பார்த்தால் சுண்டல் வாங்காமல் வருவோமா? இங்கே காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

லாபிக்குள் கால் வைத்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் வேலை. பட்டை, கிராம்பு வாசனை தூக்கும். இது பிளாஸ்டிக் செட் இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

16 அடி பிஸ்கட் எப்படி இடியாமல் நிற்கிறது?

குழந்தைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி. பதில் தெரிந்துகொண்டு போனால் கெத்தாகச் சொல்லலாம்.

முதல் ரகசியம், உள்ளே மரச் சட்டம் இருக்கிறது. பாரத்தைத் தாங்குவது மரம். அதன் மேல் ஜிஞ்சர்பிரெட் பலகைகளையும் ஓடுகளையும் ஒட்டுகிறார்கள். நம் வீட்டுச் சுவரில் டைல்ஸ் ஒட்டுவது மாதிரி.

இரண்டாவது, மாவு. சாப்பிடுகிற ஜிஞ்சர்பிரெட் உப்பி வர வேண்டும். கட்டுகிற ஜிஞ்சர்பிரெட் உப்பவே கூடாது. உப்பினால் ஓரம் கோணலாகி, ஒரு துண்டோடு இன்னொரு துண்டு பொருந்தாது. அதனால் உப்ப வைக்கும் பொருளைக் குறைத்து, தட்டையாக உருட்டி, அளவு பார்த்து வெட்டி, ஈரம் போகும்வரை வேகவைப்பார்கள்.

மூன்றாவது, சிமென்ட். வெள்ளைக்கருவையும் பொடித்த சர்க்கரையையும் அடித்தால் வருவது 'ராயல் ஐசிங்'. பிழியும்போது கிரீம் போல வரும், காய்ந்தால் கல். ஒட்டுவதற்கும் அதுதான், கூரையில் படிந்த பனிக்கும் அதுதான், ஜன்னல் ஓர லேஸ் டிசைனுக்கும் அதுதான். 66 லிட்டர் வெள்ளைக்கரு எதற்கு என்று இப்போது புரிகிறதா?

நான்காவது, ஏசி. தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் டப்பாவை மூட மறந்தால் பிஸ்கட் நமத்துப்போகுமே, அந்தப் பிரச்னை ஃப்ளோரிடாவின் ஈரக் காற்றில் இன்னும் அதிகம். குளிரூட்டிய லாபிக்குள் இருப்பதால்தான் இந்த வீடு வாரக்கணக்கில் தாங்குகிறது.

ஒரே நாளில் இரண்டு ரூட்

டிஸ்னி வேர்ல்டில் ஜிஞ்சர்பிரெட் காட்சி வைப்பது ஒரு ஹோட்டல் மட்டும் இல்லை. பல ஆண்டுகளாகக் காட்சி வைத்துவரும் ஹோட்டல்களை இரண்டு கொத்தாகப் பிரித்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

முதல் ரூட், மோனோரயில். மேஜிக் கிங்டம் பூங்காவைச் சுற்றி ஓடும் ஹோட்டல் மோனோரயில், கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் ஆகிய ஹோட்டல்களில் நிற்கும். இதில் ஏறப் பூங்கா டிக்கெட் தேவையில்லை. கன்டெம்பரரியில் மோனோரயில் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகும், குழந்தைகளுக்கு அதுவே ஒரு ரைடு. 1971-ல் டிஸ்னி வேர்ல்டோடு சேர்ந்தே திறந்த ஹோட்டல் இது. நான்காவது மாடிக் கூடத்தின் நடுவில், ஓவியர் மேரி பிளேர் வடிவமைத்த 90 அடி உயர ஓட்டுச் சித்திரம் இருக்கிறது. சில ஆண்டுகள் இங்கே அவருடைய பாணியிலேயே ஜிஞ்சர்பிரெட் காட்சி செய்தார்கள். டிஸ்னி வேர்ல்டின் 50-வது ஆண்டான 2021-ல் சிண்ட்ரெல்லா கோட்டையையே ஜிஞ்சர்பிரெட்டில் எழுப்பினார்கள். காட்சி வைக்காத ஆண்டில் போனாலும், அந்தச் சித்திரத்தில் ஐந்து கால் ஆடு எங்கே என்று குழந்தைகளைத் தேடவிடுங்கள். ஆமாம், அதற்கு ஐந்து கால்தான்!

இரண்டாவது ரூட், ஏரிக்கரை. எப்காட் பூங்காவின் பின்வாசல் பக்கம் கிரசன்ட் ஏரியைச் சுற்றி பீச் கிளப், யாட் கிளப், போர்ட்வாக் என்று மூன்று ஹோட்டல்கள். ஏரியை ஒரு சுற்று சுற்றினால் ஒரு மைல்கூட வராது. பீச் கிளப் லாபியின் சிறப்பு, ஜிஞ்சர்பிரெட், சாக்லேட், சர்க்கரையால் ஆன குடை ராட்டினம். சும்மா நிற்காது, உண்மையிலேயே சுற்றும். ராட்டினக் குதிரைகளின் சேணம், பிடரி மயிர், பூ வேலை எல்லாம் கையால் செய்தவை. கருப்பொருளும் வண்ணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பக்கத்திலேயே யாட் கிளப்பில் குட்டி மலைக் கிராமம், அதைச் சுற்றி ஓடும் பொம்மை ரயில். தாத்தாக்கள் நகராமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். போர்ட்வாக்கிலும் பல ஆண்டுகளில் சிறிய ஜிஞ்சர்பிரெட் காட்சி வைத்திருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்களா?

உறவினர் வீடு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் என்றால் ஃப்ளோரிடாவரை போக வேண்டியதில்லை. அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்ட் வளாகத்தின் கிராண்ட் கலிஃபோர்னியன் ஹோட்டலிலும் லாபியில் ஜிஞ்சர்பிரெட் காட்சி வைப்பார்கள். அந்த ஹோட்டலையே சின்னதாக்கிச் செய்தது போல இருக்கும். பக்கத்தில் பெரிய கணப்பு, உட்காரச் சாய்வு நாற்காலிகள். பெரியவர்களுக்கு வசதி.

டிஸ்னிலேண்ட் பூங்காவுக்கு எப்படியும் டிக்கெட் எடுத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 'ஹாண்டட் மேன்ஷன்' என்ற பேய் வீட்டு ரைடை, 2001 முதல், 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தின் பாணியில் பண்டிகைக்காக மாற்றுகிறார்கள். பேய்கள் நடனமாடும் கூடத்தின் விருந்து மேஜையில் ஒரு ஜிஞ்சர்பிரெட் வீடு. ஒவ்வோர் ஆண்டும் புது டிசைன், அதுவும் திகில் டிசைன். இந்த ஆண்டு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே வரும் ரசிகர் கூட்டம் உண்டு. வண்டி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், நின்று பார்க்க முடியாது. அந்தக் கூடம் வந்ததும் மேஜையைத் தேடுங்கள்.

எப்போது போவது, எப்படிப் போவது?

சீசன்: பொதுவாக நவம்பர் நடுவில் காட்சிகள் தயாராகிவிடும். டிசம்பர் கடைசி வரை, சில இடங்களில் ஜனவரி முதல் நாள்கள் வரை இருக்கும். டிசம்பர் முதல் இரண்டு வாரங்களின் வார நாள்கள் நல்ல தேர்வு. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைதான் கூட்டத்தின் உச்சம்.

நேரம்: விருந்தினர்கள் பூங்காக்களுக்குக் கிளம்பிவிட்ட பிறகு, அதாவது முற்பகலிலும் மதியத்திலும் லாபிகள் சற்று ஓய்வாக இருக்கும். மாலையில் விளக்கு வெளிச்சம் அழகுதான். ஆனால், மேஜிக் கிங்டமில் வாணவேடிக்கை முடியும் நேரத்தில் மோனோரயில் பக்கம் தலைகாட்டாதீர்கள். திருவிழா முடிந்த பஸ் ஸ்டாண்டுதான்.

கார்: இதில்தான் பலரும் மாட்டுவார்கள். பண்டிகை நாள்களில், ஹோட்டலில் தங்காதவர்களின் காரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுண்டு. அந்த ஹோட்டல் உணவகத்தில் டேபிள் முன்பதிவு செய்திருந்தால் பெரும்பாலும் பிரச்னை இருக்காது. எனவே, காலை உணவோ மதிய உணவோ ஒன்றை அங்கேயே முன்பதிவு செய்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். சாப்பாட்டுச் செலவு வேண்டாம் என்பவர்கள், மேஜிக் கிங்டமின் போக்குவரத்து மையத்தில் வாடகைக் காரில் இறங்கி மோனோரயில் பிடிக்கலாம். சொந்தக் காரை அங்கே நிறுத்தினால் பார்க்கிங் கட்டணம் உண்டு.

ஏற்கெனவே பூங்காவில் இருந்தால்: மேஜிக் கிங்டமிலிருந்து கன்டெம்பரரிக்கும் கிராண்ட் ஃப்ளோரிடியனுக்கும் நடைபாதை இருக்கிறது. எப்காட்டின் பின்வாசலில் வெளியே வந்தால் பீச் கிளப் சில நிமிட நடை. வெயிலும் கூட்டமும் சலித்துப்போன மதியத்தில் இப்படி ஒரு நடை போய்விட்டுத் திரும்பலாம்.

முதலில் உறுதி செய்யுங்கள்: ஹோட்டலில் பராமரிப்பு வேலை நடந்தால் அந்த ஆண்டு காட்சி இருக்காது. போன ஆண்டு வைத்த ஹோட்டல் இந்த ஆண்டும் வைக்கும் என்று சொல்ல முடியாது. அன்றைய பட்டியலை டிஸ்னியின் அதிகாரபூர்வ தளத்திலோ, ஹோட்டலுக்கு போன் செய்தோ பார்த்துவிட்டு, அப்புறம் குழந்தைகளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஏமாற்றினால் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்!

சைவம் சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

பிஸ்கட்தானே என்று வாங்கிவிட வேண்டாம். மேலே சொன்ன பட்டியலிலேயே வெள்ளைக்கரு இருக்கிறது. ஐசிங் போட்ட எதிலும் முட்டை இருக்க வாய்ப்பு அதிகம். மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய் ஒட்டிய பண்டங்களில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கிலிருந்து எடுப்பது. நட்ஸ், கோதுமை, பால் ஒவ்வாமை உள்ளவர்களும் கவுன்ட்டரில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. கேட்கத் தயங்க வேண்டாம், இந்த மாதிரிக் கேள்விகள் அங்கே தினசரி வழக்கம்.

முட்டை சேர்க்காதவர்கள் வாசனையோடு திருப்தி அடைந்துவிட்டு, லாபி காபியோடு உட்காரலாம்.

பார்க்கும்போது இதையெல்லாம் கவனியுங்க

* ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு ஓட்டைப் பக்கத்து ஓட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் கைவேலையின் அடையாளம்.

* ஐசிங் கோடுகளில் செஃப்பின் கை எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று தேடுங்கள். கோலத்தில் இழை சேரும் இடம் தெரியுமே, அப்படித் தெரியும்.

* பல காட்சிகளில் மிக்கி மவுஸின் தலை வடிவத்தை ஆங்காங்கே ஒளித்து வைத்திருப்பார்கள். மூன்று வட்டம், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது.

* தொடக் கூடாது, கிள்ளக் கூடாது. வாரக்கணக்கில் பொது இடத்தில் நிற்கும் பண்டம், சாப்பிடவும் லாயக்கில்லை. ஆசையாக இருந்தால் விற்பனைக்கு இருப்பதை வாங்கிக்கொடுங்கள்.

* இது மற்றவர்கள் பணம் கொடுத்துத் தங்கியிருக்கும் இடம். வரிசையில் நிற்பது, சோபாக்களை ரொம்ப நேரம் ஆக்கிரமிக்காமல் இருப்பது நம் மரியாதை.

* லாபிகளுக்கும் மோனோரயிலுக்கும் வீல்சேரில் போய்வர முடியும். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு போனால், ஒரே நாளில் இரண்டு ரூட்டையும் முடிக்க நினைக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சாப்பாட்டுப் பொருளும் வீணாப்போகுதா?

ஒன்றரை டன் அளவுக்குச் சாப்பாட்டுப் பொருளைக் கொட்டி, யாரும் சாப்பிட முடியாத ஒரு வீடு கட்டுவது சரிதானா? பார்க்கும் பலருக்கும், அதிலும் சோற்றுப் பருக்கையைச் சிந்தினால் திட்டு வாங்கி வளர்ந்த நமக்கு, உள்ளுக்குள் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

முழுப் பதில் இல்லை. ஆனால், பாதிப் பதில் இருக்கிறது. மரச் சட்டம் தூக்கி எறியப்படுவதில்லை, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் பயன்படுகிறது. சீசன் முடிந்ததும் வீட்டைப் பிரித்து, ஜிஞ்சர்பிரெட் ஒட்டியிருக்கும் பலகைகளை டிஸ்னி வேர்ல்டின் மரப் பண்ணைப் பக்கம் வெட்டவெளியில் வைக்கிறார்கள். அங்கே தேனீக்கள் வருகின்றன. பலகையில் ஒட்டியிருக்கும் தேனையும் சர்க்கரையையும் அவை உறிஞ்சி எடுத்துக்கொள்கின்றன. பூக்கள் குறைவாக இருக்கும் குளிர்காலத்தில் அவற்றுக்கு இது ஒரு கூடுதல் சாப்பாடு. தேனீக்கள் சுத்தம் செய்துகொடுத்த சட்டம் அடுத்த டிசம்பருக்குத் தயாராகிறது.

பட்டியலில் மாவைவிடத் தேன்தான் அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? 363 கிலோ மாவு, 476 கிலோ தேன். ஒரு தேனீ தன் வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் சேர்ப்பது ஒரு டீஸ்பூனில் சிறு பங்குதான் என்பார்கள். அப்படிப் பார்த்தால், அந்த லாபியில் நிற்கும் வீட்டுக்குப் பின்னால் செஃப்களின் உழைப்புக்கும் முன்னால் லட்சக்கணக்கான தேனீக்களின் உழைப்பு இருக்கிறது. மிச்சம் மீதி அவற்றிடமே போகிறது என்பது கேட்கக் கொஞ்சம் ஆறுதல்.

இந்த டிசம்பரில் போகிறீர்கள் என்றால், இந்தத் தேனீக் கதையைக் குட்டீஸ்களிடம் அங்கே நின்றபடியே சொல்லுங்கள். கூடவே, 'ஜிஞ்சர்' என்ற வார்த்தை எங்கிருந்து கிளம்பியது என்பதையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் பிறந்து வளரும் பேரப்பிள்ளைகளுக்கு, 16 அடி உயர பிஸ்கட் வீட்டின் முன்னால் நின்று தாத்தாவோ பாட்டியோ 'இஞ்சிவேர்' என்று சொல்லிக்கொடுத்தால் லேசில் மறக்காது!